எம்.ஏ. தமிழ் முடித்தவர் அரசரடியில் இறையியல் படிக்கலாமா? ஒரு சகோதரியின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி கேட்டிருக்கும் சகோதரி திருமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். வயது 26. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். தகப்பனார் கட்டட வேலைக்குப் போகிறவர். குடும்பத்தில் ஆயர்கள் யாரும் இல்லை. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் நேரடியாக முதுகலை இறையியலில் சேர முடியுமா, அந்தப் பட்டம் வெளியே செல்லுமா, பெண்ணுக்குப் படித்து முடித்தபின் பணி கிடைக்குமா, வீட்டார் அஞ்சுவதுபோல் அங்கே போனால் விசுவாசம் போய்விடுமா என்று நான்கு கேள்விகளை அடுக்கியிருக்கிறார். நடுவில், போகிற போக்கில், "எங்களுக்குத் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத்தில்) யாரையும் தெரியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. மற்ற நான்குக்கும் விடை சொல்லிவிட்டு அதை விட்டால் பதில் சொன்னதாகாது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளங்கலை இறையியலான பி.டி.யும் (Bachelor of Divinity) முதுகலை இறையியலான எம்.டிஎச்.சும் (Master of Theology) முடித்து, கிராமச் சபைகளில் சில ஆண்டுகள் ஆயராக இருந்துவிட்டு, பிறகு 22 ஆண்டுகள் இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாடும் எபிரேயமும் கற்பித்தவன். என் அனுபவம் தென்னிந்தியத் திருச்சபைக்கு (சி.எஸ்.ஐ.) உட்பட்டது. லுத்தரன் சபைகளின் நடைமுறையில் சில வேறுபாடுகள் உண்டு. கத்தோலிக்கக் குருமடங்களின் முறை முற்றிலும் வேறு. ஆகையால் பட்டத்தின் அமைப்பைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். திருமண்டலத்தின் தேர்வு முறை, வயது வரம்பு, உதவித்தொகை பற்றிச் சொல்வதை அந்தந்த அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு விடை ஐயத்துக்கு இடமில்லாதது: நேரடியாக முடியாது. இறையியலில் முதுகலைப் பட்டம் எம்.டிஎச். எனப்படுவது, அதற்கு முன் பி.டி. முடித்திருக்க வேண்டும். நீங்கள் எந்தத் துறையில் எம்.ஏ. பெற்றிருந்தாலும், முனைவர் பட்டமே பெற்றிருந்தாலும், இதில் மாற்றம் இல்லை. பட்டதாரிகளுக்குப் பி.டி. நான்கு ஆண்டுகள், பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்கு ஐந்து. எம்.டிஎச். அதன்மேல் இரண்டு ஆண்டுகள். இளங்கலை என்று பெயர் இருந்தாலும், பட்டம் பெற்றவர் மேற்கொண்டு படிக்கும் தொழில்முறைப் படிப்பாகவே பி.டி.யைக் கருத வேண்டும், பி.எல். போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. "பி.டி. படிக்கப் போகிறேன்" என்று ஊரில் சொன்னால் பாதிப் பேர் பட்டதாரி ஆசிரியர் பணி என்று நினைத்து வாழ்த்துவார்கள், மீதிப் பேர் விளையாட்டு ஆசிரியர் என்று நினைப்பார்கள். என் மாமனார் முதல் வகையினர். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

இந்தப் படிப்பு உங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் புதிதன்று. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் 1842-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது திருமங்கலத்தில்தான். 1845-இல் அது பசுமலைக்கு மாறியது. இன்று அரசரடியில் இருப்பது வேறு வழியில் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் திருமறையூரிலும் சென்னையில் குருகுலம் என்ற லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் நடந்துவந்த பயிற்சிகளை இணைத்து 1969-இல் தொடங்கிய கல்லூரி அது. பின்னாளில் குருகுலம் மீண்டும் தனியே இயங்கத் தொடங்கியது. தென்னிந்தியத் திருச்சபையின் தமிழகத் திருமண்டலங்களும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துகிற இந்த இடத்தின் பெரிய சிறப்பு, பி.டி.யைத் தமிழில் படிக்கலாம் என்பது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் சென்னை குருகுலத்திலும் ஆங்கிலம்தான் பாடமொழி. நாட்டார் மெட்டையும் பறையையும் இறையியல் கற்பிக்கும் கருவிகளாக்கிய தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களிடையே பரட்டை என்றே அறியப்பட்டவர், கற்பித்த இடமும் அரசரடிதான். ஒரே உலையில் சமைத்து எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்பதையே திருவிருந்தின் பொருளாக அவர் விளக்கி வந்தார்.

எம்.ஏ. தமிழ் படித்தவருக்கு இது எவ்வளவு சாதகம் என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு இராது, ஏடு பெயர்த்து எழுதியவர் இடத்துக்கு இடம் மாற்றியிருப்பார், உ.வே.சா. அவற்றை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தே 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பதையெல்லாம் நீங்கள் முதுகலையிலேயே படித்திருப்பீர்கள். எபிரேயச் சுவடிகளின் கதையும் ஏறக்குறைய அதுவே. அவை மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்பட்டவை. உயிரொலிக் குறிகளை மசோரேத்தியர் என்னும் அறிஞர் மரபினர் பல நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில்தான், இட்டனர். கணிதமோ வணிகவியலோ படித்துவிட்டு வரும் மாணவருக்கு இதைப் புரியவைக்க எனக்கு மூன்று வாரம் ஆகும். தமிழ் மாணவர்கள் முதல் வகுப்பிலேயே தலையாட்டுவார்கள்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன், அங்கே என்ன படிப்பீர்கள் என்பது அதிலேயே விளங்கும். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள்; ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். நீங்கள் சிறுவயது முதல் சபையாரோடு சேர்ந்து சொன்ன மறுமொழி அது. அங்கே கிருபை என்றிருப்பது எபிரேயத்தில் ஹெசெத். ரூத்தின் புத்தகத்தில் நகோமி தன் மருமக்களை அனுப்பிவைக்கும்போது, மரித்தவர்களுக்கும் தனக்கும் அவர்கள் செய்ததாகச் சொல்வதும் அதே ஹெசெத். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே தயை என்கிறது. "பலியை அல்ல" என்று தொடங்கும் ஓசியா 6:6-இல் அதே சொல் இரக்கம் ஆகிவிடுகிறது. திருவிவிலியம் என்னும் புதிய மொழிபெயர்ப்பு சங்கீதத்தில் அதைப் பேரன்பு என்று பெயர்க்கிறது. கிருபை மேலிருந்து கீழே வருவது. தயை கையிலிருப்பவர் இல்லாதவருக்குக் காட்டுவது. ஆனால் ரூத்தும் ஓர்பாளும் கையில் ஒன்றும் இல்லாத விதவைகள். உறவின் பேரில் ஒருவருக்கொருவர் கைவிடாமல் நிற்பது என்ற பொருள் ஹெசெத்தில் இருக்கிறது, அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்று ஒரு மாலை முழுவதும் வகுப்பில் வாதாடியிருக்கிறோம். ஒரு மாணவர் "கேண்மை" என்றார், குறள் படித்தவர். இன்னொருவர் அதை எங்கள் ஊர்ப் பாட்டியிடம் சொல்ல முடியாது என்றார். முடிவுக்கு வராமலே மணி அடித்துவிட்டது.

அதே மூச்சில் ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். பி.டி.யைத் தமிழில் எழுதித் தேறலாம்; ஆனால் எம்.டிஎச். படிப்புக்கான நூல்களில் மிகப் பெரும்பான்மை ஆங்கிலத்தில் இருப்பவை. விளக்கவுரைகள், அகராதிகள், ஆய்விதழ்கள் எவற்றுக்கும் தமிழில் ஈடு இல்லை. பி.டி.யில் நல்ல மதிப்பெண் பெற்ற தமிழ் மாணவர்கள் எம்.டிஎச். முதலாண்டில் திணறியதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அறிவுக் குறைவு காரணமன்று, ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் ஆங்கிலம் வாசித்துப் பழகாததே காரணம். உங்கள் நோக்கம் இறுதியில் எம்.டிஎச். என்றால், பி.டி.யின் முதல் நாளிலிருந்தே தினமும் ஐந்து பக்கமாவது ஆங்கில விளக்கவுரை வாசியுங்கள். எபிரேயம் அல்லது கிரேக்கத்தில் ஒன்றையாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில் எம்.டிஎச். செய்ய எபிரேயமும், புதிய ஏற்பாட்டில் செய்ய கிரேக்கமும் இல்லாமல் முடியாது. திருச்சபை வரலாறு, மதங்கள், நெறியியல், ஆற்றுப்படுத்தல் (மன ஆலோசனை) போன்ற பிரிவுகளில் மொழிச்சுமை குறைவு.

பட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அரசரடிக் கல்லூரி பட்டம் வழங்குவதில்லை. வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் செனட் வழங்குகிறது. வில்லியம் கேரியும் அவருடைய இரு தோழர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரி அது. செராம்பூர் அப்போது டேனியர் வசம் இருந்ததால், டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடெரிக் 1827-இல் பட்டம் வழங்கும் உரிமையை அரச சாசனமாகத் தந்தார். 1845-இல் டேனியர் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றபோதும் அந்த உரிமை காக்கப்பட்டது; 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. நம் தரங்கம்பாடிக்கு 1706-இல் சீகன்பால்கு வந்ததும் ஒரு டேனிய அரசரின் ஆணையால்தான். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதற்கும் தமிழ் ஆயரின் பட்டத்துக்கும் டென்மார்க்கில் வேர் இருப்பது வேடிக்கையான தற்செயல்.

ஆகவே திருச்சபை வட்டாரத்தில், இந்தியாவுக்கு உள்ளேயும் வெளியேயும், இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு என்பது உறுதி. வெளிநாட்டு இறையியல் கல்லூரிகள் பலவும் இதை ஏற்கின்றன. ஆனால் 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் வழியாக வந்த பட்டம் அன்று இது. அரசு வேலைக்கோ ஆசிரியர் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது பி.டி.யை நம்பாதீர்கள், உங்கள் பி.ஏ.யும் எம்.ஏ.வும்தான் அங்கே பேசும். பிற்காலத்தில் ஒரு மதச்சார்பற்ற பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்ய நினைத்தால், உங்கள் எம்.டிஎச்.சை ஏற்பார்களா என்பதை அந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வியலுக்கென்று ஒரு துறையே இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களிலும் வாய்மொழி உறுதியை ஏற்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "ஏத்துக்குவாங்க, போங்க" என்று சொன்ன ஒருவரை நம்பி ஓராண்டை இழந்த மாணவர் எனக்கு உண்டு. உங்களுக்கு எம்.ஏ. ஏற்கெனவே கையில் இருப்பது இந்த வகையில் நல்ல காப்பு.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். இறையியல் கல்லூரியில் சேர்வது கலைக் கல்லூரியில் சேர்வதுபோல் விண்ணப்பம், மதிப்பெண், கட்டணம் என்று முடிவதன்று. உங்களை அனுப்புவது யார் என்பதே அங்கே முதல் கேள்வி. விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றும் சேகர (சில சபைகள் சேர்ந்த பிரிவு) ஆயரின் கடிதமும் திருச்சபைத் தலைமையின் பரிந்துரையும் கேட்பார்கள். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திருமண்டலம் தன் ஆயர் பணிக்கென்று உங்களைத் தேர்ந்து அனுப்புவது. சேகரக் கமிட்டியில் தீர்மானம், திருமண்டலத் தேர்வுக்குழுவின் நேர்காணல், சில இடங்களில் முன்கூட்டியே ஓரிரு ஆண்டு சபை ஊழியராக வேலை செய்து காட்டுதல், வயது வரம்பு என்று பல படிகள் அதில் இருக்கும். தேர்வானால் செலவில் ஒரு பகுதியையாவது திருமண்டலம் ஏற்கும். முடித்து வந்ததும் பணியில் அமர்த்தும். பதிலுக்கு, அது அனுப்பும் ஊருக்குப் போக நீங்கள் கட்டுப்பட்டவர். மற்றொன்று, பரிந்துரைக் கடிதம் மட்டும் பெற்றுக்கொண்டு சொந்தச் செலவில் தனியாகச் சேர்வது. கல்லூரி இடம் கொடுக்கும். படிப்பிலும் பட்டத்திலும் வேறுபாடு இராது. ஆனால் நான்கு ஆண்டு முடிந்து வெளியே வரும்போது உங்களுக்காக எந்தச் சபையும் காத்திருக்காது. ஆயர் பட்டம் கொடுப்பது திருச்சபை. கல்லூரியால் அதைக் கொடுக்க முடியாது.

என் மாணவர்களில் மிகவும் நொந்துபோனவர்கள் இந்த இரண்டாம் வழியில் வந்து, முதல் வழியின் பலனை எதிர்பார்த்தவர்கள். தெரிந்தே இரண்டாம் வழியைத் தேர்ந்துகொண்டவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்: ஒருவர் மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநர், ஒருவர் பதிப்பகத்தில், இருவர் கல்வி நிறுவனங்களில். ஆகையால் விண்ணப்பப் படிவம் வாங்குவதற்கு முன் நீங்கள் விரும்புவது ஆயர் பணியா, இறையியல் கல்வியா என்று முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

யாரையும் தெரியாமல் திருமண்டலத் தேர்வில் நிற்க முடியுமா? முடியும், கடினம். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நான் முதன்முறை தேர்வுக்குழுவின் முன் போய் நின்றபோது, வேதாகமத்தில் கேட்ட கேள்விகள் மூன்றுதான். நான்காவதாக ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் அப்பாவியாக, உசிலம்பட்டிப் பக்கம் என்றேன். அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் கேட்டது ஊரை அன்று என்பது எனக்கு வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஆண்டு என் பெயர் பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டு வேறொரு குழு, வேறொரு தலைவர், தேர்வானேன். சாதியும் குடும்பப் பெயரும் தேர்தல் கால அணிகளும் தேர்வில் நுழைவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை மட்டுமே தீர்மானிக்கின்றன என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ஆயர் குடும்பம் அல்லாத, கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் ஆண்டுதோறும் தேர்வாகி வந்ததை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

அப்படி வந்தவர்களிடம் பொதுவாக ஒன்று இருந்தது. விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்பாவது அவர்களைச் சபையார் வேலையில் பார்த்திருந்தார்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுங்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்த முன்வாருங்கள். ஆராதனையில் வேதபாடம் வாசிக்கக் கேளுங்கள், தமிழாசிரியையின் வாசிப்பு தனியாகத் தெரியும். ஆறு மாதம் கழித்துச் சேகர ஆயரிடம் போய் விருப்பத்தைச் சொல்லுங்கள். ஆயரே உங்களுக்காகப் பேசுவார் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள், அவர் மாற்றலாகிப் போகக்கூடும். கமிட்டியில் இருக்கும் இரண்டு மூத்த பெண்களின் வாய்ச்சொல் அதைவிட நீடிக்கும். இதற்கிடையே, வேலையை விடாமலே, செராம்பூர் செனட் அஞ்சல்வழியில் நடத்தும் கிறிஸ்தவ ஆய்வியல் படிப்பில் சேர்ந்து பார்க்கலாம். இந்த வாசிப்பு உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது நான்கு ஆண்டைப் பணயம் வைக்காமலே தெரிந்துவிடும்.

பெண் என்பதால் பணி கிடைக்குமா என்றால், தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்கு ஆயர் பட்டம் அளித்து வருகிறது. 2013-இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பா லலிதா அம்மையார் பேராயராகவே பொறுப்பேற்றார். ஆகவே சட்டத்தில் தடை இல்லை. நடைமுறையில் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் வேறுபாடு பெரிது. சில இடங்களில் பெண் ஆயர்கள் தனிச் சேகரம் நடத்துகிறார்கள். சில இடங்களில் பட்டம் பெற்றும் பள்ளி, விடுதி, பெண்கள் ஐக்கிய சங்கம் ஆகியவற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் திருமண்டலத்தில் இப்போது எத்தனை பெண் ஆயர்கள் சேகரப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் பேசுங்கள். திருமணமும் இதில் குறுக்கிடும். நான்கு ஆண்டுகள் என்றால் 30 வயது ஆகிவிடும் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள், போட்டிருப்பார்கள். மணமான மாணவிகளும் படித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கில் நான் தலையிட முடியாது.

விசுவாசம் போய்விடுமா? வீட்டார் பயப்படுவதில் காரணம் இல்லாமல் இல்லை. முதல் ஆண்டிலேயே ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள் இரண்டு வேறு படைப்புக் கதைகள் என்று கேட்பீர்கள். மோசே எழுதியதாக நீங்கள் கருதிய ஐந்து நூல்களில் பல கைகள் இருப்பதை அறிவீர்கள். ஏசாயாவின் 40-ஆம் அதிகாரத்திலிருந்து பேசுகிறவர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர், பாபிலோனில் சிறையிருந்த மக்களிடம் பேசுகிறவர் என்பார்கள். மாற்கு நற்செய்தி மிகப் பழைய முழுச் சுவடிகளில் 16:8-இல், பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனதோடு முடிந்துவிடுகிறது என்பதைப் பார்ப்பீர்கள். இவற்றில் எல்லாம் ஒரே அளவு உறுதி கிடையாது. மாற்கின் முடிவும் ஏசாயாவின் பிரிவும் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றவை. ஐந்நூல்கள் எப்படித் தொகுக்கப்பட்டன என்பதில் நான் மாணவனாக இருந்தபோது உறுதியாகக் கற்பிக்கப்பட்ட விளக்கம் இன்று பலவாறாகப் பிளந்து கிடக்கிறது. வகுப்பில் எது எந்த அளவு உறுதியானது என்று ஆசிரியரைக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபப்பட மாட்டார்.

இதனால் விசுவாசத்தை இழந்தவர்கள் நான் அறிய மிகச் சிலர். குழம்பியவர்கள் அநேகமாக எல்லோரும், நான் உட்பட. குழப்பம் விடுதி அறையில் வருவதைவிடப் பிரசங்க மேடையில்தான் முழுதாக வந்து நிற்கும். வார இறுதியில் மாணவர்களைச் சுற்றுவட்டாரச் சபைகளுக்கு அனுப்புவார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிறு, உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு ஓட்டுக்கூரைக் கோயிலில், முப்பது பேருக்கு முன்னால், புதிதாகக் கற்ற பெருமையில் ஐந்நூல்களின் மூலங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து வெளியே வந்து, என் பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தார். "நல்லாப் பேசுனீங்க தம்பி. மோசே எழுதலேன்னு சொன்னீங்களே, அப்ப யாரு எழுதுனதுன்னு அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. பஸ் வர இன்னும் கால் மணி இருக்கு" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கால் மணியில் நான் சொன்ன விடை ஒன்றும் எனக்கே திருப்தியாக இல்லை. ஆனால் அவருக்குப் புரியும் சொற்களில் அதைச் சொல்ல வேண்டும் என்ற தேவைதான் அடுத்த இரண்டு ஆண்டுகள் என்னை நூலகத்தில் உட்கார வைத்தது. கல்லூரி வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிக் கற்கும் பயிற்சிக்கு அரசரடி நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. அந்தப் பயிற்சி உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதாக இருக்கும், அல்லது, உங்கள் வீட்டை நீங்களே வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இருப்பதால், மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றைப் பொதுவெளியில் எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதாமல் விட்டால் பின்னால் அதுவே பெரிய தடையாக வந்து நிற்கலாம். நம் பக்கத்துப் பல குடும்பங்களில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும் மட்டுமே உண்டு, கிறிஸ்தவரானவர்களைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இறையியல் கல்லூரியில் சேர்வது உங்கள் மதத்தை எழுத்தில் அறிவிப்பதாகும். தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுடைய சான்றிதழ்களோடு இது எப்படிப் பொருந்தும் என்பதைத் தகப்பனாரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேவையானால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள், நான் சட்டம் படித்தவன் அல்லன். அந்தப் பேச்சு முடிந்த பிறகு, வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கோயில் அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு தாளில் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடத் திருத்தி வாங்கச் சில வாரங்கள் ஆகும். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு அதற்கு நேரம் இராது.